குடும்ப வாழ்க்கை குறித்த மாணவர் ஆய்வு: தலைப்பு முதல் ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலைச் சமூகவியலிலும் சமூகப்பணியிலும் இறுதிப் பருவ ஆய்வுக்குக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்த மறுநாளே வினாநிரலை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நாற்பது கேள்விகள், அறுபது வீடுகள், இரண்டு வாரக் களப்பணி எல்லாம் முடிந்த பிறகு, எதற்கு விடை தேடினோம் என்று தெரியாமல் கட்டுக்கட்டாகத் தாள்களோடு வந்து நிற்கிறார்கள். அந்த வரிசையைத் திருத்துவதே இந்த வழிகாட்டியின் வேலை.

விளக்கத்துக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பின்தொடர்வோம்: திருப்பூரில் கணவன், மனைவி இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகளில் வீட்டு வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்ற ஆய்வு. மாணவர்களோடு நான் பலமுறை சென்று வந்த களம் அது. உங்கள் தலைப்பு முதியோர் பராமரிப்பாகவோ பிள்ளை வளர்ப்பாகவோ இருந்தாலும் படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நாட்களை எண்ணுங்கள். விடுமுறையும் உள்தேர்வும் போக ஒரு பருவத்தில் ஏறத்தாழ பதினான்கு வாரங்கள் மிஞ்சும். வினாவை உருவாக்கவும் படிக்கவும் நான்கு, கருவியை, அதாவது கேள்விகள் கொண்ட வினாநிரலை, செய்து முன்னோட்டம் பார்க்க இரண்டு, களத்துக்கு மூன்று, பகுப்பாய்வுக்கு இரண்டு, எழுத்துக்கு மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். களத்துக்கு ஒதுக்கிய வாரங்களில் தீபாவளியோ பொங்கலோ வருகிறதா என்று நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் மிகுந்த திருப்பூரில், தீபாவளி வாரத்தில் தெருவே ஊருக்குப் போயிருக்கும்.

துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், கல்லூரி அடையாள அட்டை, கட்டம் போட்ட நோட்டு ஆகியவை தேவை. அவற்றைவிட முக்கியம், அந்தத் தெருவை அறிந்த ஒருவர். அங்கன்வாடிப் பணியாளரோ மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவியோ அறிமுகம் செய்து வைத்தால் போதும். வீட்டு உரிமையாளர் மூலமாகவோ கம்பெனி சூப்பர்வைசர் மூலமாகவோ போக வேண்டாம். வாடகைக்கு இருப்பவரும் கூலிக்குப் போகிறவரும் அவர்களுக்கு மறுப்புச் சொல்ல முடியாது என்பதால், உங்களுக்குக் கிடைக்கும் சம்மதம் உண்மையான சம்மதமாக இருக்காது.

2. தலைப்பை வினாவாக மாற்றுதல்

“திருப்பூரில் உழைக்கும் பெண்களின் குடும்ப வாழ்க்கை: ஓர் ஆய்வு” என்பது அட்டையில் அச்சிட உதவும், அதற்கு விடை சொல்ல முடியாது. யாரை, எங்கே, எதை அளந்து, எதோடு ஒப்பிடப் போகிறோம் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்தால்தான் அது ஆய்வு வினா.

எங்கள் எடுத்துக்காட்டில் வினா இப்படி அமைந்தது: “இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகளில், ஒரு ஷிப்ட் பார்த்த நாளோடு ஒப்பிட்டால், ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளில் கணவனும் மனைவியும் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரம் எவ்வாறு மாறுகிறது?” ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேரம்; ஒன்றரை என்றால் பன்னிரண்டு. நான்கு மணி நேரம் கூடுதலாகக் கம்பெனியில் போகும்போது வீட்டில் எந்த வேலை சுருங்குகிறது, எது மற்றவர் கைக்குப் போகிறது, எது தூக்கத்தைத் தின்கிறது என்பதை இந்த வினாவால் பார்க்க முடியும்.

வினாவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. விடை இப்படியும் வரலாம், நேர்மாறாகவும் வரலாம் என்ற நிலை இருக்கிறதா என்று பாருங்கள். “பெண்களுக்கு வேலைச்சுமை அதிகமா?” என்பதற்கு விடை முன்பே உங்கள் மனத்தில் இருக்கிறது, களம் உங்களுக்கு எதையும் புதிதாகச் சொல்லாது. “தாக்கம்” என்ற சொல்லையும் எளிதில் தலைப்பில் வைக்காதீர்கள். ஒன்றின் தாக்கத்தைக் காட்ட அது வருவதற்கு முன்பிருந்த நிலையும் தெரிய வேண்டும். ஒரு பருவத்துக்குள் அது பெரும்பாலும் இயலாது.

3. எது குடும்பம் என்பதை எழுதி வைத்தல்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். களத்தில் முதல் வீட்டிலேயே அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். சேர்ந்து வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு குடித்தனமாகக் கொள்கிறது. குடும்பம் அதைவிட அகலமானது. கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது என்ற பேச்சை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏ. எம். ஷா, குடித்தனத்தையும் குடும்பத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான்.

வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை ஆகியோர் ஓர் அறையில் இருக்கிறார்கள். மூத்த பையன் தேனிப் பக்கம் பாட்டி வீட்டில் படிக்கிறான். மாதந்தோறும் அவனுக்குப் பணம் போகிறது. மனைவியின் அம்மா இரண்டு கதவு தள்ளித் தனி வாடகையில் இருக்கிறார்; பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை இங்கேதான் சாப்பிடுகிறார். குடும்ப அட்டை இன்னும் சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்?

இதற்குச் சரியான விடை என்று ஒன்று தனியாக இல்லை. உங்கள் வினாவுக்குப் பொருந்தும் விதி ஒன்றுதான் வேண்டும். நாங்கள் எடுத்த விதி: கடந்த முப்பது நாட்களில் பெரும்பாலான நாட்கள் ஒரே உலையில் சாப்பிட்டவர்கள் குடித்தனத்தார், வேறிடத்தில் இருந்துகொண்டு வேலையையோ பணத்தையோ கொடுப்பவர், பெறுபவர் தனிப் பட்டியலில் வருவார்கள். இதன்படி மனைவியின் அம்மா உள்ளே வருகிறார், பையன் தனிப் பட்டியலுக்குப் போகிறான். மனைவியின் அம்மாவை விட்டிருந்தால், குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கே விடை தவறிப் போயிருக்கும்.

4. முன்பு செய்தவற்றைப் படித்தல்

படிப்பதன் நோக்கம் மேற்கோள் சேர்ப்பதன்று. பிறர் எதை எப்படி அளந்தார்கள் என்று பார்த்து, நல்ல அளவுமுறையைக் கடன் வாங்குவதும் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதுமே நோக்கம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் பின்னிணைப்பில் உள்ள கருவிகளை முதலில் பாருங்கள்.

நேரப் பயன்பாடு பற்றிய ஆய்வுக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் அடிப்படை. 1998-99-ல் ஆறு மாநிலங்களில் நடந்த முதல் முயற்சியில் தமிழ்நாடும் இருந்தது. 2019-ல் ஊதியமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024-ல் அது 289, 88 நிமிடம்.

இந்த எண்களை எடுத்தாளும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே பிழையைச் செய்கிறார்கள். 97 நிமிடம் என்பது எல்லா ஆண்களின் சராசரி அன்று. அந்த நாளில் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி. 2019-ல் அப்படிக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தான். எல்லா ஆண்களுக்கும் பங்கிட்டால் அது ஏறத்தாழ 25 நிமிடமாகச் சுருங்குகிறது. எந்த எண்ணை எடுத்தாலும் “யாருடைய சராசரி?” என்று கேட்டு, விடையைக் குறிப்பு நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

5. வெற்று அட்டவணையை வரைதல்

கேள்விகளை எழுதும் முன், ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் வரைந்துவிடுங்கள். எங்கள் அட்டவணையில் இடப்பக்கம் சமையல், பாத்திரம், துணி, தண்ணீர் பிடித்தல், குழந்தை, முதியோர், கடைக்குப் போதல், தூக்கம் என்று வரிசைகள் இருந்தன. மேலே மனைவி ஒரு ஷிப்ட், மனைவி ஒன்றரை, கணவன் ஒரு ஷிப்ட், கணவன் ஒன்றரை என்று நான்கு பத்திகள்.

எந்தக் கேள்வி இந்தக் கட்டங்களில் ஒன்றை நிரப்பவில்லையோ, அல்லது கட்டத்தில் வரும் வேறுபாட்டை விளக்க உதவவில்லையோ, அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம். பழைய ஆய்வேடுகளைப் பார்த்துச் சாதி, மதம், மாத வருமானம் என்று முதல் பக்கத்தை நிரப்புவது வழக்கமாகிவிட்டது. வினாவுக்குத் தேவையில்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் நின்று சாதியைக் கேட்பதற்கு ஆய்வாளருக்கு எந்த உரிமையும் இல்லை. கேட்ட மறுகணமே அந்த வீட்டுப் பேச்சு இறுகிவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

6. எத்தனை வீடு, எந்த வீடு

எண்ணிக்கையை உங்கள் மாலைப்பொழுதுகள்தான் தீர்மானிக்கும். களத்துக்கு மூன்று வாரம் என்றால் இருபத்தொரு மாலைகள். நேற்றைய நாளைப் பற்றித்தான் கேட்கப் போகிறோம் என்பதால், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசவைக்கும் மூன்று திங்கட்கிழமைகளும் கழிய வேண்டும். ஆள் இல்லாமல் திரும்பும் மாலைகள் இரண்டையாவது கழியுங்கள். மிஞ்சுவது பதினாறு. கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியாக அரை மணி நேரம் பேச வேண்டுமென்றால், ஒரு மாலையில் இரண்டு வீடுகளுக்கு மேல் ஆகாது. ஆக முப்பத்திரண்டு வருகைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஷிப்ட் பார்த்த நாளுக்கு மறுநாள் ஒருமுறை, ஒன்றரை பார்த்த நாளுக்கு மறுநாள் ஒருமுறை என இருமுறை போக வேண்டும் என்பதால், பதினாறு வீடுகள்.

அறுபது வீடு இருந்தால்தான் மதிப்பெண் வரும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். ஒரே வீட்டை இரு வகை நாட்களில் பார்க்கும்போது வருமானம், பிள்ளைகளின் வயது, மாமியார் இருப்பது இல்லாதது போன்ற வேறுபாடுகள் குறுக்கே வருவதில்லை என்பதால், இந்த வினாவுக்குப் பதினாறு வீட்டின் முப்பத்திரண்டு வருகைகள், அறுபது வீட்டின் ஒற்றை வருகையைவிட அதிகம் சொல்லும். அதை வாய்மொழித் தேர்வில் விளக்கத் தயாராக இருங்கள்.

வீடுகளைத் தேர்ந்தெடுக்க, இரண்டு தெருக்களில் உள்ள பொருத்தமான வீடுகளை எல்லாம் முதலில் பட்டியலிட்டு, அதில் மூன்றுக்கு ஒன்றாக எடுங்கள். சுயஉதவிக் குழுத் தலைவி காட்டும் வீடுகளை மட்டும் எடுத்தால் அவருக்கு வேண்டியவர்கள்தான் வருவார்கள்.

7. கேள்விகளை எழுதுதல்: “நேற்று” என்று தொடங்குங்கள்

“உங்கள் கணவர் வீட்டு வேலையில் உதவுவாரா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை” என்ற கேள்வி ஏறத்தாழ எல்லா மாணவர் வினாநிரல்களிலும் இருக்கிறது. அதில் இரண்டு குறைகள் உள்ளன. “உதவுவாரா” என்ற சொல்லே, வேலை மனைவியுடையது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. “சில நேரம்” என்பது வாரத்துக்கு ஒரு நாளா, வருடத்துக்கு ஒரு நாளா என்பதை யாராலும் பிரிக்க முடியாது.

ஒரு மாணவி, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, “எல்லாம் செய்வாருங்க, குறையே இல்லீங்க” என்று சட்டென விடை வந்தது. தாளை மூடி வைத்துவிட்டு, “நேத்து எத்தனை மணிக்குங்க எந்திரிச்சீங்க?” என்று தொடங்கச் சொன்னேன். நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தது, ஐந்தேகாலுக்கு உலை வைத்தது, ஆறரைக்குப் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டியது, மூன்று டிபன் பாக்ஸ் கட்டியது, எட்டுக்குக் கிளம்பியது என்று அரை மணி அரை மணியாக நாள் விரிந்தது. கணவரின் பெயர் காலையில் ஒரே இடத்தில் வந்தது: பிள்ளையை வண்டியில் பள்ளியில் இறக்கிவிட்டார். இரவு ஒன்பதரைக்கு என்ன செய்தீர்கள் என்றபோது, “சும்மாதாங்க உட்கார்ந்திருந்தேன், டீவி ஓடிச்சு” என்றார். கையில் ஏதாவது வேலை இருந்ததா என்று கேட்டதும், மறுநாள் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். முதல் விடையில் அவர் பொய் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்டால் குடும்பத்தின் மானத்தைக் காக்கும் விடை வருகிறது. நேற்றைக் கேட்டால் நாள் வருகிறது.

தேசியக் கணக்கெடுப்பும் இப்படித்தான் கேட்கிறது: முந்தைய நாள் காலை நான்கு மணி முதல் மறுநாள் காலை நான்கு வரை, அரை மணிக் கட்டங்கள், ஒரே கட்டத்தில் பத்து நிமிடமோ அதற்கு மேலோ செய்த வேலைகளை மூன்று வரை எழுதலாம். அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். “அதே நேரம் வேறு ஏதாவது?” என்ற கேள்வியைக் கட்டத்துக்குக் கட்டம் கேட்டால்தான் வெங்காயம் உரித்தது தாளுக்கு வரும்.

கேள்விகளைக் களத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதி வைக்க வேண்டும். “தாங்கள் துயில் எழுந்த நேரம்” என்று எழுதிவிட்டு வாசலில் நின்று மனத்துக்குள் பெயர்த்தால், வீட்டுக்கு வீடு கேள்வி மாறிவிடும். கருத்துக் கேள்விகள் வேண்டுமென்றால், அவை நாள் விவரம் முடிந்த பிறகே வர வேண்டும். முன்னால் வைத்தால், சொன்ன கருத்துக்கு ஏற்ப நாளையும் திருத்திச் சொல்லத் தொடங்குவார்கள்.

8. ஒப்புதலும் எதிர்பாராத செய்தியும்

ஆய்வின் நோக்கம், எடுக்கும் நேரம், எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளும் உரிமை, பெயர் வராது என்ற உறுதி ஆகிய நான்கையும் ஐந்தாறு வாக்கியங்களில் வாசித்துக்காட்டுங்கள். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு, நோட்டோடு வரும் யாரையும் அரசுக் கணக்கெடுப்பு என்று எண்ணுவது இயல்பாகிவிட்டது. “இதனால் ரேஷன் அட்டைக்கோ உரிமைத் தொகைக்கோ கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆதார் எண்ணோ தொலைபேசி எண்ணோ கேட்க வேண்டாம். கையெழுத்துக்குத் தயங்குகிறவர்களிடம் வாய்மொழி ஒப்புதலைப் பெற்று, தேதியோடு குறித்துக்கொள்ள உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் அனுமதியை முன்பே வாங்கி வையுங்கள்.

குழந்தைகளை நேர்காண வேண்டுமென்றால் பெற்றோரின் ஒப்புதலும் குழந்தையின் விருப்பமும் இரண்டும் தேவை. முதல் ஆய்வில் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

வீட்டு வேலையைக் கேட்கப்போய் அடி, உதையைக் கேட்டுத் திரும்பும் நாள் வரக்கூடும். அப்போது சமாதானம் செய்ய முயலாதீர்கள், கணவரிடம் அது பற்றிப் பேசவே பேசாதீர்கள். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்களைச் சொல்லிவிட்டு, அன்றே வழிகாட்டிப் பேராசிரியரிடம் தெரிவியுங்கள். குழந்தைமீது பாலியல் குற்றம் நடப்பது தெரிய வந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஆகவே எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முழு உறுதி கொடுத்துவிடாதீர்கள். பெயர் ஆய்வேட்டில் வராது என்ற அளவில் உறுதி கொடுங்கள்.

9. முன்னோட்டம்

பட்டியலில் சேராத மூன்று வீடுகளில் முழு நேர்காணலையும் நடத்திப் பாருங்கள். எங்கே தயங்குகிறார்கள், எந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள், எத்தனை நிமிடமாகிறது என்பவற்றைக் குறியுங்கள். எங்கள் முதல் பட்டியலில் தண்ணீர் பிடித்தல் தனி வரிசையாக இல்லை, சமையலுக்குள் அடங்கியிருந்தது. நல்ல தண்ணீர் வரும் நாளில் ஒருவர் விடிகாலையில் ஒன்றரை மணி நேரம் குடத்தோடு குழாயடியில் நின்றதை முன்னோட்டத்தில் கேட்ட பிறகே அதைப் பிரித்தோம். முன்னோட்டத்தில் எதுவுமே மாறவில்லையென்றால், அதைக் கவனமாகச் செய்யவில்லை என்று பொருள்.

10. களத்தில்

கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்பது கட்டாயம். ஓர் அறை வீட்டில் அது கடினம். ஒருவர் வாசல் திண்ணையில், மற்றவர் உள்ளே என்று இரண்டு மாணவர்களாகப் போனால் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம். தனியாகப் போகிறவர்கள், ஒருவர் கடைக்குப் போகும் நேரத்தையோ குளிக்கும் நேரத்தையோ பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே வேலைக்கு இருவரும் வேறு வேறு நேரம் சொன்னால் திருத்தாதீர்கள், கேட்டு உறுதி செய்யவும் வேண்டாம். அந்த வேறுபாடே ஒரு தரவு. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எடுத்துச் செல்வது வீட்டுக்குள் சண்டைக்கும் வழி வகுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நேர்காணல் எளிது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் அன்று கேட்கும் “நேற்று” சனிக்கிழமை: வாரச் சம்பளம் வாங்கிக் கடைக்குப் போகும் நாள். எல்லா நேர்காணல்களையும் ஞாயிற்றுக்கிழமையில் முடித்த ஒரு மாணவரின் தரவில், கணவர்கள் கடைக்குப் போகும் நேரம் வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் நேர்காணல் நாளையும், கேட்கப்பட்ட நாளையும் கிழமையோடு எழுதுங்கள்.

11. அன்றிரவே செய்ய வேண்டியவை

வீடு திரும்பியதும் தாளைப் படித்து, விட்டுப்போனவற்றை வேறு நிற மையில் நிரப்புங்கள். இரண்டு நாள் கழித்தால் பதினாறு வீடும் ஒரே வீடாகக் கலந்துவிடும். பெயருக்குப் பதில் வீட்டுக் குறியீடு கொடுத்து, பெயரும் குறியீடும் சேர்ந்த தாளைத் தனி உறையில் வையுங்கள். நேரத்தை நிமிடமாக எக்செல்லில் ஏற்றும்போது, ஒருவரின் மொத்தம் 1440 நிமிடம் வருகிறதா என்று பாருங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு வேலை இருந்தால் முதன்மை வேலைக்கு மட்டும் நேரத்தைக் கணக்கிட்டு, மற்றதைத் தனிப் பத்தியில் குறிப்பது எளிய முறை. இல்லையென்றால் ஒரு நாளுக்கு முப்பது மணி நேரம் வந்துவிடும்.

12. எழுதுதல்

பதினாறு வீட்டுக்குச் சதவீதம் போடாதீர்கள். “68.75 சதவீத வீடுகளில்” என்பதைவிட “16 வீடுகளில் 11-ல்” என்பது நேர்மையானது. “திருப்பூர்ப் பெண்கள்” என்று பொதுமைப்படுத்தாமல், “நேர்கண்ட வீடுகளில்” என்று எழுதுங்கள். 5-ஆம் படியில் வரைந்த அட்டவணையை நிரப்பியதும், எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த கட்டத்தை முதலில் எடுத்து எழுதத் தொடங்கினால், அத்தியாயம் தானாக நகரும்.

வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு, பெயரும் குறியீடும் சேர்ந்த அந்தத் தாளைக் கிழித்து அழித்துவிடுங்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு தெருக்களுக்கும் போய், எந்த வீட்டையும் சுட்டாமல், கண்டதைப் பத்து நிமிடத்தில் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள்.